பலகையில் இருக்கும் பதினாலு நிமிடம்

உங்கள் மேசைக்கு எதிர்ச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டியிருக்கும். அதன் மேல் வரியில் ‘அடிவாரம் – அரியூர் நாடு: 11 கி.மீ., 14 நிமிடம்’ என்று கறுப்பு மையில் எழுதியிருக்கும். எழுத்து கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்திருந்தால் அது என்னுடைய கையெழுத்துதான். நான் வேலையை விட்டு ஒன்றரை வருடம் ஆகிறது. அந்த வரியை இன்னும் யாரும் அழிக்கவில்லை என்று போன வாரம் குமரேசன் போனில் சொன்னான். சொன்னதோடு நிற்காமல், “புதுசா வந்தவங்க எல்லாம் அதை மனப்பாடமா வச்சிருக்காங்க மேடம்” என்று பெருமைப்பட்டான். எனக்குப் பயமாக இருந்தது. அதனால்தான் என் இடத்துக்கு வந்திருக்கும் உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

நான் இந்தப் பக்கத்துக்காரிதான். ஆனால் வேலை பார்த்ததெல்லாம் வெளியூரில். முப்பது வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக, ஒரு நாளைக்கு ஒரு விமானமோ இரண்டு விமானமோ வந்து போகிற சின்ன விமான நிலையங்களில் இருந்தேன். ஓடுபாதையில் மேயும் மாட்டை விரட்ட ஆள் இருக்கும், ஒரு காபி வாங்கிக் குடிக்க இடம் இருக்காது. அந்த மாதிரி இரண்டு நிலையங்களுக்கு நடுவே எவ்வளவு தூரம், பறக்க எவ்வளவு நேரம், எவ்வளவு எரிபொருள் என்று கணக்குப் போட்டு எழுதிக் கொடுப்பது என் வேலை. ஓய்வு பெற்று ஊருக்கு வந்து உட்கார்ந்தால், கொல்லிமலைக்கு ட்ரோனில் மருந்து அனுப்பப் போகிறோம், நேரம் கணக்குப் போடத் தெரிந்தவர் வேண்டும் என்று கூப்பிட்டார்கள். கிலோமீட்டர் பதினொன்று. இதற்கு ஓர் ஆளா என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டுதான் சேர்ந்தேன்.

சிரித்ததற்குக் காரணம் உண்டு. கிழக்கு அடிவாரத்தில் நம் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்து பார்த்தால் மலை கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது. ரோட்டில் போனால் மலையைச் சுற்றிக்கொண்டு போய், எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி, மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. வானத்தில் போனால் பதினாலு நிமிடம். இந்த ஒரு வித்தியாசத்தைப் பார்த்துவிட்டுத்தான் எல்லோரும் கைதட்டினார்கள். பதினாலு என்பது எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. பத்துத் தடவை ஓட்டிப் பார்த்துச் சராசரி எடுத்து நான் எழுதியது அது. அந்தப் பத்துத் தடவையும் ஐப்பசி மாதத்தில், காற்றில்லாத நாட்களாகப் பார்த்து ஓட்டியது.

இந்த இடத்தில் என் பழைய அதிகாரி ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், மலை சூழ்ந்த ஒரு சின்ன நிலையத்தில் அவருக்குக் கீழே இருந்தேன். மகா சிடுமூஞ்சி. அவரிடம் போய், “சார், அடுத்த விமானம் வந்துசேர எவ்வளவு நேரம் ஆகும்?” என்று கேட்டால் பதில் சொல்ல மாட்டார். “யாருக்கு?” என்பார். எண்ணெய் நிரப்புகிறவனுக்கு ஒரு நேரம் சொல்வார். ஓடுபாதையைக் கூட்டுகிறவனுக்கு வேறொரு நேரம் சொல்வார். ஒரே விமானம், ஒரே வழி, இரண்டு நேரம்! இந்த ஆள் கிறுக்கா, இல்லை எங்களையெல்லாம் கிறுக்காக்குகிறாரா என்று எனக்கு ஆத்திரம் வரும். ஒரு நாள் நேராகவே கேட்டேன். “கணக்குப் போடத் தெரிஞ்சுது இல்லையா, அது போதும், போ” என்றார். எனக்குத் தெரிந்த கணக்கில் ஒரு கேள்விக்கு ஒரு விடைதான். அந்தக் குழப்பத்தோடேயே அங்கிருந்து மாற்றலாகி வந்துவிட்டேன்.

இனி மேலே இருக்கும் நம் தளம். அகலமாக, சமமாக, மரம் மறைக்காமல் ஓர் இடம் தேடி மூன்று நாள் மலையில் அலைந்தோம். கடைசியில் அரியூர் நாட்டில் (மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு) ஒரு பாறை கிடைத்தது. இவ்வளவு நல்ல இடம் எப்படிச் சும்மா கிடக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அது சும்மா கிடக்கவில்லை. அது அந்த ஊரின் களம். அறுத்த சாமையைக் கொண்டுவந்து மிதித்து, தூற்றி, அளக்கிற பாறை. ஊர்க்காரர்கள் நல்லவர்கள். “ஆஸ்பத்திரிக் காரியம், வச்சுக்குங்க. தை மாசத்துல பத்து நாளைக்கு மட்டும் எங்களுக்கு வேணுமுங்க” என்றார்கள். எல்லோரும் தலையாட்டினோம். யாரும் எழுதிக்கொள்ளவில்லை. பாறை மேல் பெரிதாக ஒரு வெள்ளை வட்டம் பெயின்ட் அடித்துவிட்டு வந்தோம். அன்றிலிருந்து பஸ் கண்டக்டருக்கு அந்த நிறுத்தத்தின் பெயர் ஏர்போர்ட்டு. “ஏர்போர்ட்டெல்லாம் எறங்குங்க!” என்று அவர் கத்தினால், மரவள்ளிக் கட்டோடும் கோழியோடும் நாலு பேர் இறங்குவார்கள்.

தளத்தைப் பார்த்துக்கொள்ள அந்த ஊர்க்காரர் தங்கராசுவை வைத்தோம். நாற்பது வயது இருக்கும், மிளகும் சாமையும் போடுகிற விவசாயி. ட்ரோன் வரும்போது வட்டத்துக்குள் ஆடு, மாடு, ஆள் இல்லாமல் பார்த்துக்கொள்வதும், வந்த பெட்டியை அரைக் கிலோமீட்டரில் இருக்கும் சுகாதார நிலையத்தில் கொடுப்பதும் அவர் பொறுப்பு. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அவரிடம் நாம் சொல்வதில்லை. நோயாளியைப் பற்றிய விவரம் வெளியே போகக் கூடாது என்று உத்தரவு. நல்ல உத்தரவுதான், நான் குறை சொல்லவில்லை.

அன்று தை மாதத்து ஒரு காலை. ஒன்பது மணிக்கு முன்னால் மலையிலிருந்து நர்ஸ் கூப்பிட்டார். எப்போதும் நிதானமாகப் பேசுகிறவருக்கு அன்று மூச்சு வாங்கியது.

“மேடம், பெரக்கரை நாட்டுல இருந்து ஒரு அம்மாவைத் தூக்கிட்டு வந்திருக்காங்க. பாப்பாத்தின்னு பேரு. சாமை அறுக்கறப்ப கண்ணாடி விரியன் கடிச்சிருக்குதுங்க. இருந்த மருந்தெல்லாம் போட்டாச்சு, பத்தலைங்க. ஈறுல ரத்தம் கசியுது. இன்னும் பத்துக் குப்பி வேணுமுங்க. கீழ கொண்டாந்தா வழியிலயே உசிரு போயிருமுங்க.”

குமரேசன் மருந்தை வாங்க ஆஸ்பத்திரிக்குள் ஓடினான். குமரேசன் உங்களுக்குத் தெரிந்தவன்தான், அன்றும் பேட்டரியும் இயந்திரமும் அவன் பொறுப்பு. நான் தங்கராசுவைக் கூப்பிட்டேன். அந்தப் பேச்சு எனக்கு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. மறக்க முயன்றும் முடியவில்லை.

“தங்கராசு, பெட்டி ஒண்ணு அனுப்பறேன். தளம் எப்படி இருக்குது?”

“களத்துல கொஞ்சம் வேலை இருக்குதுங்க மேடம். எப்ப வருமுங்க?”

“கிளம்ப அஞ்சு நிமிசம். பறக்கப் பதினாலு.”

“அப்ப இருவது நிமிசம் இருக்குதுங்களே. அதுக்குள்ள முடிச்சுருவமுங்க. வரட்டுங்க.”

அவர் கேட்டது நேரம், நான் சொன்னதும் நேரம். என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. என்ன பெட்டி என்று அவர் கேட்கவில்லை. இரண்டு பேரும் திருப்தியாகப் போனை வைத்தோம்.

தரையில் இலை அசையவில்லை. பனி அப்போதுதான் விலகியிருந்தது. கம்பத்தில் கட்டியிருந்த காற்றுப் பை துவண்டு தொங்கியது. ட்ரோன் விசிறிகளால் நேராக மேலே போய், விமானம் போல இறக்கையில் பறக்கத் தொடங்கியதும் திரையில் வேகம் ஏறியது. ஏறிக்கொண்டே போனது. நம் இயந்திரத்துக்கு அந்த வேகம் கிடையாது. எனக்கும் குமரேசனுக்கும் ஒரே நேரத்தில் ஒரே எண்ணம் வந்தது. முந்தின வாரம்தான் அது தான் இருக்கும் இடத்தைத் தப்புத் தப்பாகக் காட்டிக்கொண்டிருந்தது. ஒருமுறை, மேசை மேல் வைத்திருந்த இயந்திரம் குளத்துக்குள் நிற்பதாகக் காட்டியது. பாகத்தை மாற்றியிருந்தோம். மாற்றியும் சரியாகவில்லை என்று முடிவு கட்டிவிட்டோம்.

எட்டாவது நிமிடத்தில் திரை, ‘வந்து சேர்ந்தது, மீதித் தூரம் பூஜ்யம்’ என்றது. ட்ரோன் தானாக நின்று, விசிறிகளைச் சுழற்றிக்கொண்டு வானத்தில் மிதந்தது.

“வந்திருக்காதுங்க மேடம்” என்றான் குமரேசன். “பதினாலு ஆகலையே.”

எனக்கும் அதேதான் தோன்றியது. முப்பது வருடம் இந்தக் கணக்கைப் போட்டவள் நான். பதினாலு நிமிட வழி எட்டு நிமிடத்தில் எப்படி முடியும்? சரி, கண்ணால் பார்த்துவிடலாம் என்று கீழ்நோக்கும் கேமராவைத் திறந்தேன். வெள்ளை வட்டம் இல்லை. வட்டம் மட்டுமில்லை, பாறையே இல்லை. மங்கலாகப் பழுப்பும் மஞ்சளுமாக ஏதோ ஒரு தரை, நடுவே ஒரு மேடு, சுற்றிலும் கறுப்புப் புள்ளிகள். அது நான் பார்த்துப் பழகிய இடமே இல்லை. இயந்திரம் வந்துவிட்டேன் என்கிறது. கடிகாரம் வரவில்லை என்கிறது. கண்ணும் கடிகாரத்தின் பக்கம் சேர்ந்துகொண்டது.  

இதில் ஒரு சங்கடம், நின்ற இடத்தில் மிதப்பதற்குப் பறப்பதைப் போல மூன்று மடங்கு மின்சாரம் போகும். யோசிக்க யோசிக்கப் பேட்டரி கரையும். “திருப்பிக் கூப்பிட்டுக்கலாமா?” என்றேன். குமரேசன் தட்டிப் பார்த்தான். திரும்பி வர இருபது நிமிடம் என்று திரை காட்டியது. பேட்டரியில் பதினைந்து நிமிடப் பறப்புக்குத்தான் இருந்தது. போக எட்டு, வர இருபது! இயந்திரத்துக்குப் பைத்தியம்தான் பிடித்திருக்கிறது என்று அப்போது எங்களுக்குச் சந்தேகமே இல்லை. மேலே வடகிழக்கிலிருந்து நல்ல வாடைக்காற்று அடித்துக்கொண்டிருந்தது என்பதும், அது ட்ரோனைப் பின்னால் இருந்து தள்ளிக்கொண்டு போனது என்பதும், அதே காற்று திரும்பி வரும்போது முகத்தில் அறையும் என்பதும், இப்போது இதைப் படிக்கிற உங்களுக்குச் சுலபமாகத் தெரிகிறது. அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கும் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. பலகையில் இருந்த பதினாலு என் கண்ணை மறைத்தது.

தங்கராசுவைக் கூப்பிட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன், எடுக்கவில்லை.

“இன்னும் நாலு கிலோமீட்டர் மேற்கே தள்ளி விடலாங்க மேடம். அங்கதான் தளம் இருக்கும்” என்றான் குமரேசன்.

செய்தேன். அவன் சொன்னதால் செய்யவில்லை, எனக்கும் அதுவே சரியென்று பட்டதால் செய்தேன். பழியை அவன் மேல் போட மாட்டேன். மேற்கே அனுப்பும் கட்டளையைத் தட்டிய விரல் என்னுடையது. ட்ரோன் மெல்ல நகர்ந்தது. திரையில் பழுப்பு மஞ்சள் போய் பச்சை வந்தது, பச்சை அடர்ந்துகொண்டே போனது. அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று இப்போது எனக்குத் தெரியும். செங்குத்தான பள்ளமும் காடும்தான். விழுந்தால் தேடி எடுக்க ஒரு நாள் ஆகும். பாப்பாத்திக்கு ஒரு நாள் கிடையாது.

மூன்றாவது முறை போன் அடித்தேன். இம்முறை எடுத்தார்கள். “தங்கராசு!” என்று கத்தினேன். பதில் இல்லை. சரசரவென்று ஏதோ கொட்டும் சத்தம். பின்னால், தூரத்தில், ஓர் ஆண் குரல் ராகம் போல ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது.

“லாபம்... லாபம்... லாபம்...”

கொஞ்சம் நிறுத்தி, மறுபடி சரசர. பிறகு, “ரெண்டு... ரெண்டு... ரெண்டு...”

குமரேசன் என்னைப் பார்த்தான். “என்னங்க மேடம், யாராவது ஜோசியக்காரனா?”

அவன் சென்னையில் பிறந்து வளர்ந்தவன். நான் சோளக்காட்டில் வளர்ந்தவள். எங்கள் பக்கம் களத்தில் தானியம் அளக்கும்போது ஒன்று என்று தொடங்க மாட்டார்கள், லாபம் என்றுதான் தொடங்குவார்கள். வள்ளம் என்னும் படியில் அள்ளிக் கொட்டுகிறவர், அடுத்த வள்ளம் நிரம்பும்வரை அந்த எண்ணையே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருப்பார். நடுவில் பேச்சு வந்தால் எண்ணிக்கை தவறும், களத்துக்கும் ஆகாது. சுற்றி நிற்கிற யாரும் வாய் திறக்கக் கூடாது. பத்து வயதில் எங்கள் களத்தில், “எத்தனை ஆச்சு?” என்று கேட்டு முதுகில் ஒன்று வாங்கியவள் நான்.

பழுப்பும் மஞ்சளும் சாமை. நடுவில் இருந்த மேடு அளக்கக் குவித்த அம்பாரம். கறுப்புப் புள்ளிகள் தலைகள். வட்டம் எங்கேயும் போகவில்லை, சாமைக்கு அடியில் இருக்கிறது. ட்ரோன் சரியான இடத்துக்குத்தான் போயிருந்தது, ஆறு நிமிடம் முன்னதாக. அதை நான்தான் காட்டுக்குள் துரத்திக்கொண்டிருக்கிறேன்.

களத்துக்குத் திரும்பச் சொல்லித் தட்டினேன். அதுவரை தள்ளிப் போயிருந்த முந்நூறு மீட்டரை அது காற்றை எதிர்த்துத் திரும்பிக் கடந்த நேரத்தில் எனக்கு எத்தனை வயது கூடியதென்று தெரியவில்லை. இப்போது பேட்டரியில் ஐந்து நிமிடத்துக்குக் குறைவாகத்தான் இருந்தது. அம்பாரத்தின் மேல் இறக்க முடியாது. ஆட்கள் சுற்றி நிற்கிறார்கள், விசிறிக் காற்று ஒரு வருடச் சாப்பாட்டைப் பள்ளத்தில் வாரி இறைத்துவிடும். யாரிடம் சொல்வது? போனின் அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாது.

போனை வாயோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு சொன்னேன். “யாரா இருந்தாலும் கேளுங்க சாமி. நீங்க பேச வேண்டாம், அளவு நடக்குதுன்னு தெரியுது. உங்க தலைக்கு மேல நிக்கற பெட்டியில பாம்புக்கடி மருந்து இருக்குது. பாப்பாத்தின்னு ஒரு அம்மா நர்ஸ்கிட்டக் கெடக்கறாங்க, இது போனாத்தான் பொழைப்பாங்க. களத்துல எறக்க மாட்டேன். பக்கத்துல ஆள் இல்லாத சமமான எடம் இருந்தா எனக்குத் தெரியற மாதிரி காட்டுங்க. நாலு நிமிசந்தான் இருக்குது.”

“மூணு... மூணு... மூணு...” என்று மட்டும் கேட்டது. நான் சொன்னது யார் காதிலாவது விழுந்ததா, போன் பாறை மேல் கிடக்கிறதா, ஒன்றும் புரியவில்லை. உத்தரவை மீறி நோயாளியின் பெயரைச் சொல்லிவிட்டேன் என்பது மட்டும் உறைத்தது.

அப்போது திரையில் ஒரு புள்ளி கூட்டத்திலிருந்து பிரிந்து ஓடியது. பின்னாலேயே இன்னும் இரண்டு. களத்துக்குக் கீழே ஒரு படி இறங்கினால் அறுத்த சாமைக்காடு, வெறும் அடித்தாள் நிற்கிற நிலம். அங்கே போய் நின்றார்கள். திடீரென்று அந்தப் பழுப்பில் பளிச்சென்று ஒரு வெள்ளைச் சதுரம் விரிந்தது. வேட்டி. நாலு மூலையிலும் கல்லை வைத்துவிட்டு, மூன்று பேரும் விலகி வரப்பில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். ஒருவரும் கையைக்கூட ஆட்டவில்லை.

தளத்தைத் தவிர வேறு எங்கேயும் இறக்கக் கூடாது என்று விதி. உங்கள் கையேட்டில் முதல் பக்கத்திலேயே இருக்கும். குமரேசன் விதியைச் சொல்லவில்லை. “மெதுவாங்க மேடம்” என்றான், அவ்வளவுதான். கையால் ஓட்டி அந்த வேட்டி மேல் இறக்கினேன். கடைசி இரண்டு மீட்டரில் வேட்டி ஒரு பக்கம் பிய்த்துக்கொண்டு எழுந்தது. பிறகு திரையில் தாளும் மண்ணும் அசையாமல் நின்றன. ஒரு பெண்ணின் வெறுங்கால் வந்தது, பெட்டி போனது.

போனை நான் இன்னும் வைக்கவில்லை. “நாலு” ஆனது, “அஞ்சு” ஆனது. பதினொன்று வரை கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பின்பு தங்கராசுவின் குரல், ஒன்றுமே நடக்காதது போல, “சொல்லுங்க மேடம்” என்றது. எனக்கு அழுகை வந்தது. குமரேசன் வெளியே போய்விட்டான், பாவம்.

பாப்பாத்தி பிழைத்தார். எட்டு நாள் கழித்து வீட்டுக்கு நடந்து போனதாக நர்ஸ் சொன்னார்.

அடுத்த வாரம் பஸ் ஏறி மேலே போனேன். ஏர்போர்ட்டில் இறங்கினேன். செருப்பைக் கழற்றிவிட்டுக் களத்துக்குப் போனேன், சாமையெல்லாம் வாரியாகிவிட்டது, வெள்ளை வட்டம் வெயிலில் கிடந்தது. தங்கராசுவும் அவர் மனைவி மல்லிகாவும் இருந்தார்கள். அன்று போனை எடுத்தது மல்லிகா. தங்கராசு கழற்றி வைத்திருந்த சட்டையின் பைக்குள் அடித்துக்கொண்டே இருந்ததை நிறுத்தலாம் என்று அமுக்கியிருக்கிறார், அது நின்றுபோகாமல் எடுத்துக்கொண்டுவிட்டது. வேட்டி விரித்ததும், பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியதும் அவர்தான்.

“அவ்வளவு தூரம் ஓடியும் ஒரு வார்த்தை பேசலையேம்மா நீ” என்றேன்.

“பேச வேண்டாம்னு நீங்களேதானுங்க சொன்னீங்க” என்று சிரித்தார்.

தங்கராசு சிரிக்கவில்லை. வட்டத்தின் ஓரத்தில் பெயின்ட்டைக் காலால் தேய்த்துக்கொண்டே நின்றவர் சொன்னார். “மேடம், நான் ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்கக் கூடாதுங்க. மருந்துன்னு மொதல்லயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா, நாங்க அன்னைக்கு அளக்கவே ஆரம்பிச்சிருக்க மாட்டமுங்களே. நாளைக்கு அளந்தா என்னங்க? சாமை எங்க போவுது?”

உத்தரவு அப்படி என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்ல வெட்கமாக இருந்தது.

திரும்பி வரும்போது கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் என்னை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துக்கொண்டிருந்தது. அந்தச் சிடுமூஞ்சி அதிகாரி திடீரென்று நினைவுக்கு வந்தார். எவ்வளவு நேரம் என்றால், யாருக்கு என்று கேட்பாரே, அது அத்தனை வருடம் கழித்து அங்கே உறைத்தது. எண்ணெய் நிரப்புகிறவனுக்கு ஆகக் கூடுதலான நேரத்தைச் சொல்ல வேண்டும், வழியில் தீர்ந்துவிடக் கூடாது. பாதையைக் கூட்டுகிறவனுக்கு ஆகக் குறைந்த நேரத்தைச் சொல்ல வேண்டும், முன்னால் வந்துவிட்டால் துடைப்பத்தோடு நடுவில் நிற்பான். நான் தங்கராசுவுக்கும் பதினாலு சொன்னேன், பேட்டரிக்கும் பதினாலு சொன்னேன். இரண்டுமே தப்பு. மனிதர் அன்றைக்கே இதை விளக்கிச் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று இன்றும் அவர் மேல் கோபம்தான்.

இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். பஸ்ஸில் இருந்து இறங்கி அலுவலகத்துக்கு வந்தால் மேலிடத்திலிருந்து பாராட்டு வந்திருந்தது. காரணம் கேளுங்கள். பதிவேட்டில் குமரேசன் இரண்டு நேரங்களைத்தான் குறித்திருந்தான், கிளம்பியது ஒன்று, பெட்டி கைக்குப் போனது ஒன்று. விதிப்படி அவ்வளவுதான் குறிக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே சரியாகப் பதினாலு நிமிடம்! எட்டு நிமிடம் பறந்தது, ஆறு நிமிடம் நான் குழம்பியது. கூட்டினால் பலகையில் இருக்கிற எண். ‘பலகை நேரம் அவசர காலத்திலும் சரியென்று உறுதியானது, மாற்ற வேண்டாம்’ என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். அதற்குக் கீழே நான் கையெழுத்துப் போட்டேன். பயம் ஒரு பக்கம். வேட்டி மேல் இறக்கிய கதை வெளியே வந்தால் தங்கராசுவின் வேலை போய்விடுமோ என்பது ஒரு பக்கம். எது பெரிதாக இருந்தது என்று என்னாலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஒரு விஷயத்தில் எனக்கு இன்றும் குழப்பம் தீரவில்லை. அன்று அந்த நாற்காலியில் களம் தெரியாத ஒருவர் உட்கார்ந்திருந்தால், ‘லாபம்’ என்று கேட்டதும் போனை வைத்துவிட்டிருப்பார். நான் வைக்கவில்லை. அதைத் திறமை என்று சொல்லிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. என் அப்பா சோளம் விதைத்தார் என்பதைத் தவிர அதில் என் பங்கு என்ன?

இப்போது அந்த நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். தை பிறக்கப் போகிறது. மேலே வாடைக்காற்று ஆரம்பித்திருக்கும், அரியூர் நாட்டில் சாமை அறுப்பார்கள். எழுந்து போய் அந்தப் பலகையில் இருக்கும் பதினாலை அழித்துவிடுங்கள். யாராவது கேட்டால் எழுதியவளே அழிக்கச் சொன்னாள் என்று சொல்லுங்கள். அழித்த இடத்தில் உடனே வேறு எண்ணை எழுதிவிடாதீர்கள். முதலில் தங்கராசுவுக்கு ஒரு போன் போட்டு, இன்றைக்கு அனுப்புகிற பெட்டியில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டு வாருங்கள்.